மண்ணெண்ணெய் வாடை: திருச்சுழிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

நடந்தது, வரிசையாக:

1. மாசி மாதம் இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தனபால் மாமா எனக்குப் போன் செய்தார். அம்மாவின் தம்பி. திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மானாவாரி விவசாயம் செய்கிறார். நான் மதுரையில் ஒரு கார் பட்டறையில், இன்ஜின் கோளாறு கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறேன்.

2. கார் நின்ற இடத்தில் உதறுகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, பானெட்டைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். காரின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கு நான் வாங்கிக் கொடுத்திருந்த சின்ன ஸ்கேனரைச் செருகி, செல்போனில் வந்ததைப் படமெடுத்து அனுப்பினார்.

3. படத்தில் நான் பார்த்தது ஓர் எண்ணை மட்டும்: கூட்டல் 25. இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட இருபத்தைந்து சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்று அர்த்தம். "பெட்ரோல்ல எதையாவது கலந்திருக்கலாம் மாமா" என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தட்டில் சோறு இருந்தது.

4. அன்று சாயங்காலமே, டீக்கடை முன்னால், நாலு பேர் பார்க்க, டிரைவர் செல்வத்திடம் மாமா சாவியை வாங்கிக்கொண்டார். பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றுகிறான் என்பது குற்றச்சாட்டு. செல்வம் ஆறு வருடம் அந்த வண்டியை ஓட்டியவர்.

5. டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் போட்டார்கள். உதறல் போகவில்லை. இதை மாமா எனக்குச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தபோது அத்தைதான் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: செல்வத்துக்கு ஜூன் மாதத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை பேசி வைத்திருந்தது. பழைய முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பள்ளிக்கூடத்தில் எடுக்க மாட்டார்கள்.

6. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறினேன்.

கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சின்ன ஊர். பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

காலை 6.10, மாட்டுத்தாவணி. அருப்புக்கோட்டை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். என் பையில் இருந்தவை: ஸ்கேனர், ஸ்பேனர் செட், டார்ச், மூன்று அளவுகளில் துணிப் பின்னல் போட்ட ரப்பர் குழாய், கிளிப்புகள், ஒரு சைக்கிள் பம்ப், ஒரு பெயின்ட் டப்பா. டப்பாவுக்குள் பெயின்ட் இல்லை. டீசல் வண்டியில் சூடேற்றப் பயன்படும் க்ளோ பிளக் ஒன்றை மூடியில் பொருத்தி, கொஞ்சம் பேபி ஆயிலை ஊற்றி, நானே செய்த புகை டப்பா அது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பெயின்ட் டப்பாவெல்லாம் ஏத்தக்கூடாது. சிந்துனா யாரு தொடைக்கிறது?"

"பெயின்ட் இல்லண்ணே. புகை போடுற டப்பா."

"கொசுவுக்கா?"

"காருக்கு."

அவர் மேலே எதுவும் கேட்காமல் முன்னால் போய்விட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மாதான் விடவில்லை. காரியாபட்டிச் சந்தைக்குப் போகிறவர், மடியில் காலிச் சாக்குகள். புகையைக் காருக்குள் விட்டால் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியே வரும் என்று சொன்னேன். இன்ஜின் காற்றை உறிஞ்சி ஓடுகிறது. அந்தக் காற்றை ஒரு சென்சார் அளந்து, அதற்கேற்பப் பெட்ரோல் கொடுக்கச் சொல்கிறது. சென்சாரைத் தாண்டி எங்காவது ஓட்டை இருந்தால், அளக்காத காற்றும் உள்ளே போகும், கணக்குத் தப்பும். இளநீர் குடிக்கிற குழலில் ஓட்டை விழுந்த மாதிரி.

"அப்ப பச்சப் புள்ளைக்குச் சாம்பிராணி போடுற மாதிரி காருக்குப் போடப் போற."

"ஆமாங்க."

"போடு, போடு. கண்ணு பட்டிருக்கும்" என்றார். காரியாபட்டியில் இறங்கும்போது சாக்குகளை உதறியதில் என் மடியெல்லாம் மிளகாய் வத்தல் தூசி. அருப்புக்கோட்டை வரைக்கும் தும்மினேன்.

காலை 7.50, அருப்புக்கோட்டை. டீ பன்னிரண்டு ரூபாய். திருச்சுழிக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே அறுவடை முடிந்து தட்டை மட்டும் நிற்கிற சோளக்காடு, தண்ணீர் இல்லாத கண்மாய். ரோட்டில் பாதியை மக்காச்சோளம் பிடித்திருந்தது. ஒரு பக்கம் முழுக்க மஞ்சளாகக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். டிரைவர் கோபப்படாமல் ஒவ்வொரு சோளத்துக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்.

காலை 8.30, திருச்சுழி. மாமா பைக்கில் காத்திருந்தார்.

"வா தாயி! இன்ஜினியரம்மாவே நேர்ல வந்துட்டாகப்பா!" சத்தமாகச் சொன்னார், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. அவருக்கு என்மேல் பெருமை. எனக்கு அது அன்றைக்குச் சுமையாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கார். அதற்குப் பக்கத்திலேயே மக்காச்சோள மூட்டைகள், கூரை வரை. விலை ஏறட்டும் என்று மாமா வைத்திருக்கிறார். சோளம் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். பட்டறையில் நான் தினமும் பார்க்கிற விஷயம் இது. போனில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி: வண்டி எங்கே நிற்கிறது? கேட்கவில்லை.

பானெட்டைத் திறந்தேன். மண்ணெண்ணெய் வாடை இல்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வேறொரு வாடை. கசப்பாக, கனமாக. விரலால் ஒரு குழாயைத் தடவினேன். பிசுபிசுப்பு, அதன்மேல் புழுதி.

"வேப்பெண்ணெய் மாதிரி இருக்கே அத்தை."

தண்ணீர்ச் சொம்போடு வந்த அத்தை அங்கேயே நின்றார். "வேப்பெண்ணெயேதான். செல்வம் கேட்டான், நான்தான் குடுத்தேன். எலி வயரக் கடிக்குது, தடவி விடுறேன்னான். வெறும் எண்ணெ கெட்டியா இருக்கும்னு, மருந்தடிக்கிற மிசினக் கழுவ வச்சிருந்த மண்ணெண்ணெயில கலந்து தடவுனான்."

"இத மாமாகிட்டச் சொன்னீங்களா?"

"நான் சொன்னேன். அவனும் சொன்னான். உங்க மாமா கேக்கணும்ல? 'படிச்ச புள்ள மதுரையில இருந்து சொல்லிருச்சு, நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சொல்றீகளா'ன்னுட்டாக."

மாமா மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஸ்கேனரைச் செருகினேன். கையில் ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது: கூட்டல் 25. ஆக்சிலரேட்டரை மிதித்து, இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றில் நிறுத்திப் பிடித்தபோது: கூட்டல் 6. இந்த இரண்டாவது எண்தான் எல்லாம். பெட்ரோலிலோ அது போய்ச் சேர்வதிலோ குறை இருந்தால், வேகத்தைக் கூட்டினாலும் குறை அப்படியே இருக்கும், அல்லது இன்னும் மோசமாகும். காற்று எங்கிருந்தோ களவாக உள்ளே போகிறது என்றால், இன்ஜின் மெதுவாக ஓடும்போது அது பெரிய பங்கு, வேகமாக ஓடும்போது சின்னப் பங்கு. எண் இறங்கும். மாமாவிடம் அன்றைக்கு "கொஞ்சம் ஆக்சிலரேட்டரை மிதிச்சு இன்னொரு படம் அனுப்புங்க" என்று கேட்டிருந்தால் போதும். அரை நிமிட வேலை.

பிரேக்கை மிதித்தேன். கல் மாதிரி இருந்தது.

"பிரேக் எத்தனை நாளா இப்படி?"

"அதுவும் அவன் சொன்னான்தான்" என்றார் அத்தை. "அவன வேலையவிட்டு நிப்பாட்டுறதுக்கு மொத நாளு. 'பிரேக்கு கட்டியா இருக்கு அத்தாச்சி, அண்ணன்கிட்டச் சொல்லுங்க'ன்னான்."

"சாக்குச் சொல்றான்னு நெனச்சேன்" என்றார் மாமா.

பெட்ரோலில் எதைக் கலந்தாலும் பிரேக் கட்டியாகாது. பிரேக்குக்கு உதவி செய்வது இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடம்தான். ஒரு குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாயில் ஓட்டை என்றால் உதறலும் வரும், பிரேக்கும் இறுகும். பிரேக்கைப் பற்றிச் சொன்ன ஒரே ஆள் செல்வம். அவரிடம் யாரும் பேசவில்லை. நானும்தான்.

10.15. வண்டியை அணைத்து ஆறவிட்டேன். காற்று வடிகட்டிக்குப் போகும் வாயைப் பிளாஸ்டிக் பையால் அடைத்து, புகை டப்பாவின் குழாயை அதன் வழியாக உள்ளே விட்டு, டப்பாவைப் பேட்டரியில் இணைத்து, டப்பாவில் மாட்டிய சைக்கிள் பம்பை அத்தையிடம் கொடுத்தேன். "மெதுவா அடிங்க அத்தை, ட்யூபுக்கு அடிக்கிற மாதிரி வேண்டாம்." அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாக அடித்தார். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இன்ஜினுக்குப் பின்பக்கம், பிரேக் குழாய் போய்ச் சேருகிற இடத்தில், கீழ்ப்பக்கமிருந்து வெள்ளையாக ஒரு நூல் எழுந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது கிளைவிட்டது.

"ஆத்தாடி!" என்றார் அத்தை. "அடுப்புல ஊதாங்குழலால ஊதுன மாதிரில்ல வருது!"

குழாயைக் கழற்றினேன். ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஊதி, தொட்டால் அமுங்கியது. கிளிப் பிடித்த இடத்தில் வழுக்கி, அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. மேலேயிருந்து பார்த்தால் தெரியாத பக்கம். இந்த ரகம் ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. போன வருடம் பழைய குழாய் வெடித்தபோது, கம்பெனிக் குழாய் வேண்டாம், மலிவான இதுவே போதும் என்று மாமா போடச் சொன்ன குழாய் இது. அதையும் அத்தைதான் சொன்னார். அன்றைக்கு அத்தையிடம் எல்லா விவரமும் இருந்தது. கேட்க ஆள்தான் இல்லாமல் இருந்தது.

நான் கொண்டுபோன துணிப் பின்னல் குழாயில் ஒன்று சரியாகப் பொருந்தியது. இரண்டு புதுக் கிளிப். மற்ற குழாய்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். மறுபடி புகை: எங்கும் இல்லை. வண்டியை எடுத்தேன். உதறல் இல்லை. எண் இறங்கி இறங்கி, கூட்டல் 3-இல் வந்து நின்றது. பிரேக் மெத்தென்று போனது.

மாமாவுக்குச் சந்தோஷம். கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் எல்லாவற்றையும் விளக்கினேன்: பெட்ரோலில் கலப்படமே இல்லை, வாடை எங்கிருந்து வந்தது, எண்ணெய் ரப்பரை என்ன செய்தது. ஒன்றையும் விடாமல் சொன்னேன். அப்படிச் சொல்வதுதான் என் பழக்கம்.

மாமா நின்றார். "அப்ப எண்ணெயத் தடவி வண்டியக் கெடுத்தது அவன்தான்."

"மாமா, அவரு கெடுக்கணும்னு தடவல. எலிக்கு..."

"எதுக்கோ. கைய வச்சது அவன்தானே? நான் நிப்பாட்டுனது சரிதான்னு ஆயிருச்சுல்ல?"

"திருட்டுன்னுல்ல நிப்பாட்டினீங்க."

"காரணம் எதுவா இருந்தா என்ன தாயி? வண்டி கெட்டது அவனாலதான்."

"ஏங்க, ஒங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?" என்றார் அத்தை.

"நீ பம்பு அடிச்சது போதும், போய் உலையப் போடு."

பள்ளிக்கூடத்துக்கு ஒரு போன் போடுங்கள் என்று கேட்டேன். செல்வம் திருடவில்லை என்கிற ஒரு வாக்கியம் போதும் என்றேன். மாமா மறுக்கவில்லை. "கோயில்ல பங்குனிப் பொங்கல் முடியட்டும். பாப்போம்" என்றார். டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அதைத் திருப்பி எடுக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. வழியை நானே கையில் கொடுத்துவிட்டேன், சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கவே அவசியமில்லாத வழியை. குழாய் மட்டமானது என்பதை முதலில் சொல்லி, எண்ணெயைக் கடைசியில் சொல்லியிருக்கலாமோ என்று பஸ்ஸில் யோசித்தேன். மாமாவுக்கு எந்த வரிசையில் சொன்னாலும் எண்ணெய் மட்டும்தான் கேட்டிருக்கும்.

மதியம் 2.00. மாமாவே காரை ஓட்டிக்கொண்டு என்னை அருப்புக்கோட்டையில் விட வந்தார். பின் இருக்கையில் எனக்காக ஒரு பை வத்தல், ஒரு பை துவரம்பருப்பு. வண்டி அருமையாக ஓடியது. வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் நிலையத்தில் இறங்கும்போது, "பாலவனத்தம் வரைக்கும் வாங்க மாமா, பத்து கிலோமீட்டர்தான். செல்வம் அண்ணன் அங்கதான் இருக்காராம்" என்றேன்.

"நான் வந்தா நல்லா இருக்காது தாயி. நீ பாத்துட்டுப் போ." காரைத் திருப்பினார். திருப்பும்போது ஒரு முறை பிரேக்கை மிதித்து, எனக்குத் தலையசைத்துக் காட்டினார்.

பிற்பகல் 3.10, பாலவனத்தம். விருதுநகர் பஸ்ஸில் ஏறி இறங்கினேன். செல்வம் தன் மச்சான் வீட்டில் தங்கி, ஒரு மக்காச்சோளக் களத்தில் கூலிக்கு நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெறுங்காலோடு, நீளக் கட்டையால் சோளத்தைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும் தாயி. போன்ல சொன்னது நீங்கதானே?"

"நான்தாண்ணே."

அவர் கட்டையை நிறுத்தவில்லை. நான் அவர் கூடவே களத்தின் ஓரமாக நடந்துகொண்டு சொன்னேன். நான் பார்க்காமல் சொன்னது தப்பு என்றேன். பெட்ரோலில் ஒன்றும் இல்லை என்றேன். குழாயைப் பற்றிச் சொன்னேன். எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மாமா வாயிலிருந்து எப்படியும் வந்து சேரும். சொன்னேன்.

கட்டை நின்றது.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

"அந்த ரப்பர் மட்டமானதுண்ணே. நல்ல குழாயா இருந்திருந்தா..."

"ஆறு வருஷம் ஓட்டுனேன். ஒரு கீறல் விழல." களத்தைப் பார்த்தார். "எலி கடிச்சு வண்டி நின்னுட்டா, ராத்திரி அவசரத்துக்கு அண்ணனக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னுதான் தடவுனேன்." பிறகு சட்டென்று, "பிரேக்கு? பிரேக்கு சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுண்ணே."

"அதத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். அவுக கை ஓட்டுற கையில்ல. கட்டி பிரேக்க மிதிச்சு எங்கயாச்சும் ஏத்திருவாகளோன்னு."

ஓட்டையை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். புகையைப் பற்றிச் சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார். "அம்புட்டுத்தானா? டீக்கடையில வச்சு எனக்கும் ஒரு தடவ போட்டுப் பாத்திருக்கலாம். எந்தப் பக்கம் பெட்ரோல் ஒழுகுதுன்னு தெரிஞ்சிருக்கும்."

நான் சிரிக்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சோள மூட்டைமேல் வைத்து எழுதினேன்: நான் யார், எங்கே வேலை பார்க்கிறேன், வண்டியில் என்ன கண்டேன், பெட்ரோலில் கலப்படம் இல்லை, முதலில் அப்படிச் சொன்னது என் தவறு. கையெழுத்துப் போட்டு, என் நம்பரையும் எழுதினேன்.

அவர் ஒவ்வொரு வரியாக, நிதானமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீக. ஆனா பள்ளிக்கூடத்துல இதப் படிச்சுட்டு என்ன கேப்பாக? 'மொதலாளி என்ன சொன்னாரு?'ம்பாக. ஒங்க கையெழுத்து எதுக்குத் தாயி? அவுக வாய்தான் வேணும்."

ஆனாலும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தூரத்தில் களத்துக்காரர் குரல் கொடுத்தார்: "ஏலே செல்வம், கத அப்பறம் பேசலாம், மேகம் கூடுது!" மேகம் எதுவும் இல்லை. செல்வம் கட்டையை எடுத்துக்கொண்டார். "பாத்துப் போங்க தாயி. அருப்புக்கோட்ட பஸ்ஸு நாலு மணிக்கு."

மாலை 4.05. பஸ்ஸில் ஜன்னலோரம். மதுரையில் எங்கள் பட்டறையில், தப்பாகக் கண்டுபிடித்தால் வண்டி திரும்பி வரும். திட்டு வாங்குவோம், சரிசெய்வோம், வண்டி மறுபடி போகும். வண்டி திரும்பி வராத இடத்தில் சொன்ன சொல் என்ன ஆகிறது என்று நான் அதுவரை பார்த்ததில்லை. காரியாபட்டி தாண்டும்போது, அன்றைக்குப் போனில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நோட்டில் எழுதினேன். நாலு வந்தது. நாலாவது: வண்டியை ஓட்டுகிறவர் என்ன சொல்கிறார்? அதைக் கோடு போட்டு அடித்து, முதல் இடத்தில் எழுதினேன்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. இன்றைய நிலை இது. பங்குனிப் பொங்கல் முடிந்துவிட்டது. மாமா பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்யவில்லை. நானே செய்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வேனுக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்றார். கார் உதறாமல் ஓடுகிறது, மாமாவே ஓட்டுகிறார். அத்தை அதில் ஏறுவதில்லை, பஸ்ஸில்தான் போய் வருகிறார். செல்வம் அண்ணன் பாலவனத்தத்தில் இருக்கிறார். களத்தில் சோளம் முடிந்துவிட்டது. அடுத்த வேலை இன்னும் அமையவில்லை.